மலை ஸ்டேஷனுக்கு வரும் புது எஸ்.ஐ.க்கள் கொலை வழக்கில் செய்யும் தவறுகள்

போன ஆடி மாதம் நீலகிரியில் கூடலூர் பக்கம் ஒரு காவல் நிலையத்துக்கு வேறு வேலையாகப் போயிருந்தேன். ரைட்டர் மேசைக்குக் கீழே ஒரு பாலித்தீன் கவர் கிடந்தது. வாயை இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தார்கள். உள்பக்கம் முழுக்க நீர் முத்துமுத்தாகக் கோத்திருந்தது. நடுவில் சுருட்டி வைத்த ஸ்வெட்டர்.

"என்ன தம்பி இது?"

"மர்டர் கேஸ்ல கைப்பற்றின சொத்துங்க ஐயா. ரெண்டு நாள்ல கோர்ட்டுக்கு அனுப்பிடுவோம்."

சொன்னவர் சமவெளியில் பயிற்சி முடித்து நேராக மலைக்கு வந்த எஸ்.ஐ. கெட்டிக்காரப் பையன்தான். இரவெல்லாம் மழையில் நின்று சேகரித்திருக்கிறார். சேகரித்தது கவருக்குள் புழுங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பார்த்த அதே கவர், அதே முடிச்சு. சட்டமே மாறிவிட்டது, கவர் மாறவில்லை.

கயிறு கட்டாமல் ஊரையே உள்ளே விடுவது, வெறுங்கையால் கத்தியை எடுப்பது, சம்பவ இடத்தில் பீடித்துண்டு போடுவது, இதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. பயிற்சிக் கல்லூரியிலேயே தலையில் குட்டி அனுப்புகிறார்கள். மலைக்கு வந்த பிறகு நடக்கிறவற்றை மட்டும் எழுதுகிறேன்.

ஈரத் துணியைப் பாலித்தீனில் கட்டுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

ரத்தக்கறை என்பது புரதம். ஈரமும் காற்றோட்டமில்லாத இடமும் சேர்ந்து கிடைத்தால் பாக்டீரியாவும் பூஞ்சையும் அதைத் தின்றுவிடும். ஆய்வகத்தில் மூன்று கேள்வி கேட்பார்கள். இது ரத்தமா, மனித ரத்தமா, எந்தப் பிரிவு? புழுங்கிய துணியிலும் முதல் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் கிடைக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டாவதற்கும் கிடைக்கும். மூன்றாவதில் 'முடிவுக்கு வர இயலவில்லை' என்று ஒரு வரி வரும். அந்த ஒரு வரியில் கேஸ் போன கதையைச் சொல்கிறேன்.

பந்தலூர் பக்கம் ஒரு எஸ்டேட் லைன் வீட்டில் தகராறு, வெட்டு, ஓர் உயிர் போனது. தேயிலைச் செடியைக் கழிக்கும் கவ்வாத்துக் கத்தியால் வெட்டியிருந்தார்கள். அந்தக் கத்தி எல்லா லைனிலும் வீட்டுக்கு ஒன்று இருக்கும், ஆகவே கத்தியை எடுத்ததாலேயே பெரிதாக எதுவும் நிரூபணம் ஆகாது. எதிரியை, அதாவது குற்றம் சாட்டப்பட்டவனை, மறுநாள் காலையில் பிடித்தார்கள். அவன் பேன்ட்டில் முழங்காலுக்குக் கீழே ரத்தக்கறை. மழையில் நனைந்து சொட்டிக்கொண்டிருந்த பேன்ட்டை அப்படியே சுருட்டி, யாரோ மிக்சர் வாங்கி வந்த கவரில் போட்டுக் கட்டினார்கள். ஒரு வாரத்துக்கு மேல் சொத்து அறையில் கிடந்தது. ஆய்வகத்தில் பிரித்தபோது சாம்பல் நிறத்தில் பூஞ்சை பூத்திருந்தது. மனித ரத்தம் என்று அறிக்கை வந்தது, பிரிவு தெரியவில்லை.

நான் அந்த வழக்கின் விசாரணை அதிகாரி இல்லை. வேறொரு வழக்கில் சாட்சி சொல்ல வந்து கோர்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எதிர்த்தரப்பு வக்கீல் குரலை உயர்த்தவே இல்லை.

"ஆடி மாதம் பந்தலூரில் தேயிலைக் காட்டுக்குள் நடந்தால் காலில் என்ன ஏறும்?"

"அட்டைங்க ஐயா."

"அட்டை விழுந்த பிறகு ரத்தம் உடனே நிற்குமா?"

நிற்காது. கடிக்கும்போதே ரத்தம் உறையாமலிருக்க ஒரு பொருளை உள்ளே செலுத்திவிடும். அதனால்தான் நாம் உப்பும் மூக்குப்பொடியும் தேய்த்துக்கொண்டு உட்காருகிறோம். மலையில் வேலை பார்க்கும் நீதிபதிக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பேன்ட்டில் இருந்தது அவனுடைய சொந்த ரத்தமே என்று வக்கீல் சொன்னார். மறுக்க அரசுத் தரப்பிடம் ஒன்றுமில்லை. இத்தனைக்கும் இறந்தவரின் ரத்தப் பிரிவு வேறு, எதிரியின் பிரிவு வேறு. பிரிவு மட்டும் வந்திருந்தால் அட்டைக் கதை அங்கேயே செத்திருக்கும். சந்தேகத்தின் பலன் எதிரிக்குப் போனது. இறந்தவரின் அம்மா தீர்ப்பைக் கேட்டுவிட்டு, 'இப்ப என்ன சொன்னாங்க?' என்று ஏட்டய்யாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதே வழக்கில் இன்னொன்றும் விட்டுப்போயிருந்தது. கைது செய்தவரை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 53-வது பிரிவு அதைச் சொல்கிறது, பழைய சட்டத்திலும் இருந்தது. 51-வது பிரிவின்படி ரத்த மாதிரியும் எடுக்கச் சொல்லலாம். "காலில் அட்டைக் கடி இருக்கிறதா, பார்த்து எழுதுங்கள் டாக்டர்" என்று மனுவில் ஒரு வரி சேர்த்திருந்தால் போதும். இருந்தால் இருக்கிறது என்று எழுதட்டும், அதுவும் உண்மைதானே. மலையில் மழைக்காலத்துக் கைது என்றால் இந்த வரி கட்டாயம்.

சரி, துணியை என்ன செய்வது? சம்பவ இடத்திலிருந்து ஸ்டேஷன் வரை ஈரத்தோடு கொண்டுவர வேறு வழியே இல்லையென்றால் பாலித்தீனில் கொண்டுவரலாம். வந்து சேர்ந்ததும் முதல் வேலை அதைப் பிரிப்பதுதான், டீ அப்புறம். பூட்டக்கூடிய ஓர் அறை வேண்டும். தரையில் புதுக் காக்கித் தாளை விரித்து, அதற்கு மேலே கயிறு கட்டித் துணியைத் தொங்கவிடுங்கள். சொட்டுவதும் உதிர்வதும் தாளில் விழும். முடி, மண், தேயிலைத் துணுக்கு எதுவாகவும் இருக்கலாம், அந்தத் தாளையும் மடித்துத் தனியாக சீல் வையுங்கள். இறந்தவரின் துணியும் எதிரியின் துணியும் ஒரே அறையில் தொங்கக் கூடாது. ஒன்றை விரித்த கையோடு, கையுறை மாற்றாமல், மற்றதைத் தொடவும் கூடாது.

வெயிலில் போடாதீர்கள். நம் மலையில் வெயில் எங்கே என்று சிரிக்க வேண்டாம், மாசி, பங்குனியில் ஊட்டி வெயில் தோலை உரிக்கும். அதைவிட மோசம் கரியடுப்பு. குளிருக்கு மூட்டிய அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, அதில் கொலையானவரின் சட்டையைக் காயவைத்த புண்ணியவானைப் பார்த்திருக்கிறேன். அதிகச் சூடும் புரதத்தைக் கெடுக்கும். இன்னொருவர் ஸ்டேஷன் பின்பக்கக் கொடியில் யூனிஃபார்ம்களோடு சேர்த்துக் காயப்போட்டிருந்தார். கிளிப்கூட மாட்டியிருந்தார்.

சமவெளியில் ஒரு பகலில் காய்வது கூடலூர், பந்தலூரில் ஆடி, ஆவணியிலும், குன்னூர், கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகையிலும் மூன்று நாள்கூட இழுக்கும். காயட்டும். ஆனால் என்றைக்கு, எத்தனை மணிக்குத் தொங்கவிட்டீர்கள், சாவி யாரிடம் இருந்தது, எப்போது காய்ந்தது, எப்போது சீல் வைத்தீர்கள் என்பதெல்லாம் வழக்கு நாட்குறிப்பில் அன்றன்றைக்கே ஏற வேண்டும். இது இல்லாவிட்டால் துணி பத்திரமாகவே இருந்தாலும், 'கைப்பற்றியது மூன்றாம் தேதி, கோர்ட்டுக்கு வந்தது எட்டாம் தேதி, நடுவில் யார் ரத்தத்தைத் தடவினீர்கள்?' என்று கேட்பார்கள். கேட்பது அவர்கள் வேலை.

காய்ந்த துணியைக் கறையின் மேல் மடிப்பு விழாமல், மடிப்புக்கு நடுவே தாள் வைத்து மடியுங்கள். ஈரத்தோடு மடித்தால் முன்பக்கக் கறை முதுகில் ஒட்டிவிடும். தெறித்த ரத்தமா, தோய்ந்த ரத்தமா என்று எந்த நிபுணராலும் அப்புறம் சொல்ல முடியாது. ஒரு துணிக்கு ஒரு காகித உறை, அரக்கு சீல், சாட்சிகளின் கையெழுத்தோடு லேபிள். கத்தியும் இப்படித்தான். ஈரத்தோடு பாலித்தீனில் போன கத்தி துருப்பிடிக்கும், துரு கறையைத் தின்னும். பிடியும் அலகும் சேரும் இடுக்கில்தான் ரத்தம் இறங்கி நிற்கும், அங்கே துடைக்கவோ டேப் ஒட்டவோ கூடாது. காற்றில் காயவிட்டு, கெட்டி அட்டையில் வைத்து, கறை இல்லாத இடத்தில் நூலால் கட்டி அட்டைப்பெட்டிக்குள் வையுங்கள். ரத்தம் படிந்த மண்ணும், பக்கத்தில் எடுத்த சாதாரண மண்ணும்கூடக் காய்ந்த பிறகுதான் உறைக்குள் போக வேண்டும்.

நிபுணர் வரட்டும் என்று மழையில் காத்திருப்பது

ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்து பார்க்க வேண்டும் என்று சன்ஹிதாவின் 176(3) சொல்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் ஊட்டியிலிருந்து பந்தலூர் போய்ச்சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், மழை அதுவரை காத்திருக்காது. உடலையும் கறையையும் முதலில் செல்போனிலாவது படம் எடுங்கள். அப்புறம் கம்பு நட்டு மேலே தார்ப்பாய் கட்டுங்கள். தார்ப்பாயை உடலின் மேல் போர்த்திவிடாதீர்கள்.

மோப்ப நாய்

காலடித் தடத்தின் மேல் முதலில் ஒரு பிளாஸ்டிக் பேசினைக் கவிழ்த்துவிட்டு நாயைக் கூப்பிடுங்கள்.

விறைப்பைப் பார்த்து நேரம் சொல்வது

இறந்த உடல் பன்னிரண்டு மணி நேரத்தில் விறைக்கும், பன்னிரண்டு நிற்கும், பன்னிரண்டில் தளரும் என்ற கணக்கை மனப்பாடம் செய்து வந்திருப்பீர்கள். அது வெப்பமான ஊருக்கு ஓரளவு பொருந்தும். மார்கழி, தை மாதத்தில் ஊட்டியில் உறைபனி கொட்டும் இரவில் திறந்த வெளியில் கிடந்த உடலில் விறைப்பு வருவதும் தாமதம், போவதும் தாமதம். ஈயும் புழுவும்கூட வழக்கம்போல் வராது. உடலோ சீக்கிரம் சில்லிட்டுவிடும். தொட்டுப் பார்த்து 'நேற்று மதியமே செத்திருக்கிறான்' என்று பிரேத விசாரணை அறிக்கையில் நீங்கள் எழுதிவிட்டால், எதிரி நேற்று மதியம் குன்னூர் சந்தையில் இருந்ததற்கு நாலு சாட்சி கொண்டுவருவான். காற்று, மழை, உடலில் இருந்த துணி, கிடந்த இடம் இவற்றை மட்டும் எழுதுங்கள். நேரத்தை மருத்துவர் சொல்லட்டும்.

வாக்குமூலத்தில் சாட்சியிடம் கையெழுத்து வாங்குவது

போலீஸ் பதிவு செய்யும் சாட்சி வாக்குமூலத்தில் கையெழுத்து கூடாது. முன்பும் கூடாது, இப்போதும் கூடாது.

யாருடைய பேச்சு என்று பார்க்காமல் எழுதுவது

கூடலூர், பந்தலூர் பக்கம் பணியர், காட்டுநாயக்கர் பேசுவது உங்கள் தமிழ் இல்லை. எஸ்டேட்டுகளில் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் சொன்னதாக நீங்கள் எழுதும் வாக்குமூலத்தில் 'மேற்படி நபர் என்னை ஆபாசமாகத் திட்டி' என்று ஆரம்பித்தால் கூண்டில் ஏறிய முதல் நிமிடத்திலேயே சாட்சி மாட்டிக்கொள்வார். மொழி தெரிந்தவரை வைத்துக் கேளுங்கள், அவர் யார் என்பதையும் எழுதுங்கள். எஸ்டேட் மேஸ்திரியையோ கங்காணியையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தொழிலாளி அவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார்.

இதோடு சேர்ந்த பெரிய ஓட்டை ஒன்று உண்டு. பாதிக்கப்பட்டவர் பட்டியலினத்தவரோ பழங்குடியினரோ ஆகி, எதிரி அப்படி இல்லையென்றால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் வழக்கை டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். 1995-ம் ஆண்டு விதிகளில் 7-வது விதி. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு பழங்குடிகள் வாழும் மாவட்டத்தில் இதை மறந்து பாதி விசாரணையை முடித்துவிட்டுத் தலையைச் சொறிவதில் அர்த்தமில்லை. முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கத்தி இருக்கும் இடம் முன்பே தெரிந்திருப்பது

எதிரி போலீஸிடம் சொன்னதில், அதனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட பகுதி மட்டும்தான் சாட்சியமாகும். பழைய சாட்சியச் சட்டத்தின் 27-வது பிரிவு இப்போது புதுச் சாட்சியச் சட்டமான சாக்ஷ்ய அதிநியமத்தின் 23-ல் இருக்கிறது. காலையில் கான்ஸ்டபிள் புதரில் கத்தியைப் பார்த்துவிட்டார், மாலையில் எதிரியை அழைத்துப்போய் 'எடுத்துக் கொடுத்தான்' என்று கைப்பற்றிய விவரப் பத்திரமான மகஜரை எழுதுகிறீர்கள். இதில் கண்டுபிடிப்பு எங்கே இருக்கிறது? காலையில் பார்த்ததைக் காலையிலேயே கைப்பற்றி எழுதுங்கள். இன்னொரு சங்கடமும் வந்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் தேடுதலையும் கைப்பற்றுதலையும் வீடியோ எடுத்தாக வேண்டும், சன்ஹிதாவின் 105-வது பிரிவு. 'அண்ணே, இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளி வைங்க' என்று யாரோ பேசுவதும் அதில் பதிவாகும்.

சிசிடிவியின் கடிகாரம்

கர்நாடக எல்லையான கக்கநல்லாவிலும் கேரள எல்லையான நாடுகாணியிலும் வண்டி எல்லை தாண்டியதை வைத்துத்தான் பாதி வழக்கு நிற்கும். போகிற வழியில் உள்ள பேக்கரி, பெட்ரோல் பங்க், காட்டேஜ் கேமராக்களையும் பார்ப்பீர்கள். அங்கே போனதும் முதலில் உங்கள் செல்போன் நேரத்தையும் திரையில் ஓடும் நேரத்தையும் ஒரே படத்தில் வருமாறு எடுங்கள். கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் கேமரா பதிவைச் சேமிக்கும் டி.வி.ஆர். பெட்டியின் கடிகாரம் இஷ்டத்துக்கு ஓடும். இருபது நிமிட வித்தியாசத்தை மகஜரில் எழுதினால் அது விவரம். எழுதாமல் விட்டுக் கோர்ட்டில் தெரியவந்தால் அது முரண்பாடு. பதிவின் மேல் பதிவு ஏறி அழிவதற்குள் நகல் எடுத்து, சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழை, கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹேஷ் மதிப்போடு, அங்கேயே கேட்டு வாங்குங்கள். ஆறு மாதம் கழித்துப் போனால் பேக்கரி கை மாறியிருக்கும்.

எதிரியின் செல்போன்

நோண்டாதீர்கள். ஃப்ளைட் மோடில் போட்டு சீல் வையுங்கள்.

தாமதத்துக்குக் காரணம் எழுதாமல் விடுவது

கொலை வழக்கின் முதல் தகவல் அறிக்கை மாஜிஸ்திரேட் கைக்குத் தாமதமில்லாமல் போக வேண்டும். மலையில் போகாத நாளும் உண்டு. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அந்த மாதிரி நாட்களில் எந்த ரோடு திறந்திருக்கும்? கோர்ட்டுக்கும் இது புரியும். ஆனால் நீங்கள் எழுதினால்தான் புரியும். எந்த இடத்தில் மரம் விழுந்தது, எத்தனை மணிக்கு வெட்டி அகற்றினார்கள், எஃப்.ஐ.ஆரோடு போன காவலர் எங்கே நின்றார் என்று நாட்குறிப்பில் ஏற்றுங்கள். மரத்தையும் ஒரு படம் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். மூன்று வருஷம் கழித்துக் கூண்டில் நிற்கும்போது அந்தக் காவலர் மாற்றலாகி ராமநாதபுரத்தில் இருப்பார்.