மோட்டார் ஹோமில் அகேடியா போகிறீர்களா? முதலில் வண்டியின் உயரத்தை அளந்துவிடுங்கள்

அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடலோரத்தில் இருக்கிறது அகேடியா தேசியப் பூங்கா. போன கோடையில் வாடகை மோட்டார் ஹோமில் (படுக்கை, சமையலறையெல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி) ஒரு வாரம் போய்வந்தோம். பதிவு செய்வது, பணம் கட்டுவது எல்லாம் உங்களுக்கே தெரியும், நேராக வழிமுறைக்கு வருகிறேன்.

1. தங்குமிடம்

என் ஓட்டு பிளாக்வுட்ஸ் முகாமுக்குத்தான். வண்டிக்கு மின் இணைப்பும் குழாய் இணைப்பும் கிடையாது, ஜெனரேட்டருக்கும் நேரக் கட்டுப்பாடு உண்டு. ஆனால் கொஞ்ச தூரம் நடந்தால் கடல். மின்சாரம் இல்லாமல் முடியாது என்றால் ஸ்கூடிக் வுட்ஸ் முகாம் இருக்கிறது. ஆனால் அது பூங்காவின் பெரும்பகுதி இருக்கும் முக்கியத் தீவில் இல்லை, தனித் தீபகற்பத்தில் இருக்கிறது.

2. உயரம்

இதைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். பூங்காவுக்குள் அழகான கல் வளைவுப் பாலங்கள் இருக்கின்றன. ஸ்டான்லி புரூக் நுழைவாயில் பாலத்தின் உயரம் வெறும் 10 அடி 4 அங்குலம். எங்கள் வாடகைத் தாளில் வண்டி உயரம் 10 அடி 2 அங்குலம் என்றிருந்தது, அதை நம்பிப் போனோம். எச்சரிக்கைப் பலகையைப் பார்த்ததும் என்னவோ உறுத்தியது. இறங்கிப் பார்த்தால், கூரை மேலிருந்த ஏசி பெட்டியைத் தாளில் கணக்கிலேயே சேர்க்கவில்லை! பின்னால் கார்கள் நிற்க, அங்குலம் அங்குலமாக ரிவர்ஸ் எடுத்தபோது கை நடுங்கியது.

அளப்பது இப்படி: சமதளத்தில் நிறுத்தி, டயர்களில் காற்றைச் சரியாக நிரப்புங்கள். கூரையில் மிக உயரமான பொருள்மேல் (பெரும்பாலும் ஏசி) நீளமான நேர்க்கம்பு ஒன்றைக் கிடையாக வையுங்கள், ஒரு முனை வண்டிக்கு வெளியே நீட்டியிருக்கட்டும். அந்த முனையிலிருந்து தரைவரை டேப் பிடியுங்கள். எங்களுக்கு 11 அடி 1 அங்குலம் வந்தது. பலகைகள் அடிக்கணக்கில்தான் இருக்கும், அதனால் அடியிலேயே எழுதி ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். சாதாரண மேப் செயலிக்கு உங்கள் வண்டியின் உயரம் தெரியாது.

3. வண்டியை முகாமிலேயே விட்டுவிடுங்கள்

ஐலண்ட் எக்ஸ்ப்ளோரர் என்ற இலவசப் பேருந்து ஜூன் கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதிவரை ஓடுகிறது, பிளாக்வுட்ஸிலேயே நிற்கும். கடிலாக் மலை உச்சிக்கு மட்டும் அது போகாது. மோட்டார் ஹோமுக்கும் அந்தச் சாலையில் அனுமதி இல்லை. நாங்கள் முகாமருகே தொடங்கும் தெற்கு முகட்டுப் பாதையில் ஏறினோம், ஒரு வழி சுமார் 3.5 மைல். மரங்கள் குட்டையாகிக்கொண்டே வந்து, அப்புறம் வெறும் இளஞ்சிவப்புப் பாறை, கீழே தீவுகள். 466 மீட்டர் உயரத்துக்கு நடந்தே ஏறியதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

4. பார் தீவு

பார் ஹார்பர் ஊரிலிருந்து கடல் வற்றும்போது நடந்தே போகலாம். தாழ்நீர் நேரத்துக்கு முன்னும் பின்னும் ஒன்றரை மணி நேரம்தான் வழி திறந்திருக்கும். திரும்பும் நேரத்தைப் போனில் அலாரமாக வையுங்கள். கூழாங்கல் வழியின் இரு பக்கமிருந்தும் தண்ணீர் ஏறி வருவதைப் பார்த்தால் காரணம் புரியும்.

பின்சேர்க்கை: வீட்டு விறகைக் கொண்டுபோகலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். வெளிமாநில விறகுக்கு மெய்னில் தடை இருக்கிறது, அதோடு மரம் துளைக்கும் பூச்சிகளும் காட்டுக்குள் போய்விடும். முகாமுக்குப் பக்கத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.