பாக்டீரியாவை இழக்காமல் மீன்தொட்டி ஃபில்டரைச் சுத்தம் செய்யும் முறை

ஃபில்டரைக் கழற்றியதும் ஸ்பாஞ்ச் முழுவதும் பழுப்பேறி வழவழவென்றிருப்பதைப் பார்த்தால், அதைக் குழாயடியில் பிடித்துத் தெளிந்த தண்ணீர் வடியும்வரை கசக்கத்தான் யாருக்கும் கை போகும். தொடக்கத்தில் நானும் அப்படித்தான் செய்தேன். மூன்றாம் நாள் காலையில் மீன்கள் எல்லாம் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. செவுள்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. தொட்டித் தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது. ஆனால் சிறிது தண்ணீரைச் சோதனைக் குழாயில் எடுத்து மருந்துத் துளிகளை விட்டபோது, மஞ்சளாகவே இருக்க வேண்டிய நிறம் பச்சையாக மாறி, அம்மோனியா ஏறியிருப்பதைக் காட்டியது.

நான் அழுக்கு என்று நினைத்துக் கழுவிவிட்ட அந்தப் படலத்தில்தான் தொட்டியைக் காக்கும் பாக்டீரியா குடியிருந்தது. மீன்கள் செவுள் வழியாக வெளியேற்றும் அம்மோனியாவும், மிஞ்சிய தீனியும் கழிவும் அழுகுவதால் உண்டாகும் அம்மோனியாவும் நீரில் ஓயாமல் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. ஒரு வகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன; நைட்ரைட்டும் நஞ்சுதான் என்பதால், அதை நைட்ரேட்டாக மாற்ற இன்னொரு வகை வேண்டியிருக்கிறது. நைட்ரேட் அவ்வளவு கொடியதன்று. தவறாமல் நீர் மாற்றிவந்தால் அது கட்டுக்குள் இருக்கும். இந்த இரண்டாவது வேலையை நைட்ரோபாக்டர் செய்வதாக நெடுங்காலம் நம்பப்பட்டது. நன்னீர்த் தொட்டிகளில் அதைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று 1998-இல் வெளியான ஆய்வு காட்டியது. இரண்டு மாற்றங்களையும் தனியாகவே செய்துமுடிக்கும் நைட்ரோஸ்பைரா வகைகளும் 2015-இல் கண்டறியப்பட்டன. பெயர் எதுவானாலும், இவை நீரில் மிதந்து திரிவதைவிட ஸ்பாஞ்ச், செராமிக் வளையம், சரளைக்கல் போன்ற பரப்புகளில் ஒட்டியே பெரும்பாலும் வாழ்கின்றன என்பதையும், மிக மெதுவாகத்தான் பெருகுகின்றன என்பதையும் மீன் வளர்ப்பவர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். சாதாரணக் குடல் பாக்டீரியா சாதகமான சூழலில் 20 நிமிடத்தில் இரண்டாகிவிடும். இவற்றுக்குப் பல மணி நேரம், சில வேளை ஒரு நாளுக்கு மேலும் ஆகும். புதிய தொட்டி பழகுவதற்கு, அதாவது அதில் இந்தப் பாக்டீரியா போதிய அளவு பெருகுவதற்கு, 4 முதல் 6 வாரங்கள் பிடிப்பது இதனால்தான்.

ஆகவே ஸ்பாஞ்சின் நிறத்தைப் பார்த்துச் சுத்தம் செய்யும் நாளை முடிவு செய்யக் கூடாது. ஃபில்டரிலிருந்து வரும் நீரின் வேகத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். வேகம் குறையாதவரை அதைத் தொடாமல் விடுவதே நல்லது என்பது என் கருத்து.

வேலையைத் தொடங்குமுன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சோப்புப் படாத, மீன்தொட்டிக்கென்றே வைத்திருக்கும் வாளியில் தொட்டித் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். சரளையைக் கிளறுவதற்கு முன்பே எடுத்தால் தண்ணீர் தெளிவாக இருக்கும். ஸ்பாஞ்சை அதில் முழுவதும் அமிழ்த்தி, மெதுவாக மூன்று நான்கு முறை அழுத்தி விடுங்கள். முதல் அழுத்தத்திலேயே வாளி நீர் கலங்கிக் கறுத்துவிடும். துளைகளை அடைத்திருந்த கசடு அப்படி வெளியேறினாலே போதும், ஸ்பாஞ்சின் இழைகளில் வழவழப்பு மிஞ்சியிருக்க வேண்டும். செராமிக் வளையங்களைப் பையோடு நீரில் இரண்டு முறை அலசி எடுத்தால் போதும், தேய்க்க வேண்டியதில்லை. மெல்லிய வெள்ளைப் பஞ்சு அடைத்துக்கொண்டால் எறிந்துவிட்டுப் புதியது வைக்கலாம், ஏனெனில் மற்ற பரப்புகளில் போதிய பாக்டீரியா இருக்கும். மோட்டாரில் நீரைத் தள்ளும் சிறு சுழலியான இம்பெல்லரை மட்டும் சிறு பிரஷ்ஷால் தயங்காமல் தேய்த்துக் கழுவலாம். நீரோட்டம் குறைவதற்குப் பல நேரங்களில் அதில் சுற்றிக்கொண்ட பாசியும் வழவழப்புமே காரணம்.

குழாய்த் தண்ணீரைத் தவிர்க்கச் சொல்வது அதில் கிருமிகளைக் கொல்லக் கலக்கப்படும் குளோரினுக்காக. அது கெட்ட கிருமி, நல்ல கிருமி என்று பிரித்துப் பார்ப்பதில்லை. தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்பார்கள். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த, எளிதில் ஆவியாகாத குளோரமைன் கலந்த தண்ணீரில் அது பலிக்காது என்பதால், தொட்டியில் புதிதாக ஊற்றும் நீருக்கும் குளோரின் நீக்கும் மருந்தைச் சேர்ப்பதே பாதுகாப்பு.

ஃபில்டரில் இரண்டு ஸ்பாஞ்ச் இருந்தால் ஒன்றை மட்டும் அலசி, மற்றதை இரண்டு மூன்று வாரம் கழித்து அலசுங்கள். எதை முன்பு அலசினேன் என்று குழம்பாமலிருக்க, ஒரு ஸ்பாஞ்சின் மூலையில் கத்தரியால் சிறு வெட்டு போட்டு வைத்திருக்கிறேன். பிய்ந்துபோன ஸ்பாஞ்சை மாற்ற நேர்ந்தால், புதியதைப் பழையதோடு சேர்த்து ஒரு மாதமாவது ஓட விட்டபின் பழையதை எடுக்க வேண்டும். பஞ்சுக்குள் கரி வைத்த கார்ட்ரிட்ஜை மாதந்தோறும் மாற்றும்படி அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்தாலும் அப்படியே செய்யாதீர்கள். உள்ளிருக்கும் கரி சில வாரங்களில் உறிஞ்சும் திறனை இழந்தாலும், அதைச் சுற்றியுள்ள பஞ்சில் பாக்டீரியா வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஃபில்டரை அலசும் நாளில் சரளையை ஆழமாக உறிஞ்சி எடுப்பதும் அலங்காரக் கற்களைத் தேய்ப்பதும் வேண்டாம். அவற்றுக்கு ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள்.

அலசிய பொருள்களைக் காய விடாமல் உடனே பழைய வரிசையிலேயே அடுக்கி ஃபில்டரை ஓட விட வேண்டும், ஏனெனில் இந்தப் பாக்டீரியாவுக்கு ஈரமும் ஓயாத ஆக்சிஜனும் தேவை. மின்சாரம் பல மணி நேரம் இல்லாதபோது தொட்டிக்கு வெளியே வைக்கும், மூடிய டப்பா போன்ற கேனிஸ்டர் ஃபில்டருக்குள் ஆக்சிஜன் தீர்ந்து, தேங்கிய நீர் நாறத் தொடங்கும். அதை அப்படியே ஓட விட்டால் அந்த நச்சு நீர் தொட்டிக்குள் பாயும். முதலில் அதைக் கொட்டிவிட்டு, ஸ்பாஞ்சையும் வளையங்களையும் தொட்டி நீரில் அலசிய பிறகே இயக்க வேண்டும். மின்தடை நீளும் என்று தெரிந்தால், வளையங்களை எடுத்துத் தொட்டியிலேயே போட்டு, பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப்பால் காற்று கொடுக்கலாம்.

சுத்தம் செய்த பின் இரண்டு நாள் தீனியைப் பாதியாகக் குறையுங்கள். இரண்டாம் நாளும் நான்காம் நாளும் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் சோதித்துப் பாருங்கள். இரண்டும் 0 காட்ட வேண்டும். எது தெரிந்தாலும், குளோரின் நீக்கிய, அதே வெப்பநிலையிலுள்ள நீரால் தொட்டியின் கால் பங்கு முதல் பாதிவரை நாள்தோறும் மாற்றி, காற்றையும் கூட்டிக் கொடுங்கள், ஃபில்டரைத் திறக்காதீர்கள். இரண்டு அளவும் தொடர்ந்து சில நாள் 0-இல் நின்ற பிறகு தீனியைப் பழைய அளவுக்குக் கொண்டுவரலாம்.