நகரத்துப் பறவையின் நெருக்கீடு: முடிவு சொல்வதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வவுனியா பஸ் நிலையத்தைச் சுற்றித் திரியும் காகங்களையும் கனகராயன்குளத்து வயல் வரம்பில் இரை பொறுக்கும் காகங்களையும் ஒரு பொழுது பார்த்துவிட்டு, நகரத்துப் பறவைகளின் உடலில் நெருக்கீட்டு ஓமோன் மிகுந்திருக்கும் என்று எழுதிவிடுவது மிக எளிது. மாணவர்களின் செயற்றிட்ட வரைவுகளில் இந்த வரி, ஒரு சொட்டுக் குருதியேனும் எடுக்கப்படுவதற்கு முன்னரே முதற் பக்கத்தில் இடம்பிடித்துவிடுகிறது. தவறுகளுள் முதலாவது இதுதான். மற்றவை பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

நெருக்கீடு என்ற சொல்லே நம்மைச் சற்றுத் திசைதிருப்பிவிடுகிறது என்று நினைக்கிறேன். போருக்குப் பிந்திய உளவளத்துணைப் பணிகளின் வழியாக அச்சொல்லை அறிந்த வன்னியில், அதைக் கேட்டவுடன் துன்பமே நினைவுக்கு வரும். பறவையின் உடலிலோ மூளையின் பகுதியான பரிவகக்கீழும் அதன் அடியிலுள்ள கபச்சுரப்பியும் தூண்ட, சிறுநீரகத்தை ஒட்டியுள்ள அதிரீனல் சுரப்பி வெளியிடும் கோர்ட்டிகோஸ்டெரோன் நாள்தோறும் வேலை செய்யும் ஓமோன் ஆகும். மனிதரில் கோர்ட்டிசோல் செய்யும் பணியின் பெரும்பகுதியைப் பறவைகளில் செய்வது இதுவே. பகலில் இயங்கும் பறவைகளில், விடியலில் கண்விழிக்கும் வேளையை ஒட்டி இது இயல்பாகவே உயரும். பருந்து பாய்ந்தால் சில நிமிடங்களில் ஏறிச் சேமிப்பிலுள்ள சக்தியை விடுவிக்கும். ஆபத்து நீங்கியதும் இறங்கும். இறங்காமல் நாட்கணக்கில் உயர்ந்தே நிற்கும்போதுதான் இனப்பெருக்கமும் நோயெதிர்ப்பும் பாதிக்கப்படுகின்றன. அவ்வாறு நீண்டகாலம் அலைக்கழிக்கப்பட்ட பறவையின் உடல் சில வேளைகளில் ஓமோன் வெளியீட்டைக் குறைத்துக்கொள்வதும் உண்டு என்பதால், குறைந்த அளவைக் கண்டு அது நலமாக இருக்கிறது என்று சொல்லவும் இயலாது.

ஜேர்மனியின் மியூனிக் நகரிலும் காட்டிலும் வாழும் ஐரோப்பியக் கரும்பறவைகளை வைத்துச் செய்யப்பட்டு 2006 இல் வெளியான ஆய்வு, இவ்விடயத்தில் பலரது ஊகத்தைத் தலைகீழாக்கியது. இரு இடங்களிலும் பிறந்த குஞ்சுகளை ஒரே சூழலில் கையால் வளர்த்து, 5, 8, 11 மாத வயதுகளில் அவற்றின் நெருக்கீட்டு ஓமோன் எவ்வளவு உயர்கிறது என்று அளந்தபோது, முதல் அளவீட்டில் வேறுபாடு இல்லாவிடினும், பிந்திய இரண்டிலும் நகரத்துக் கால்வழியின் எதிர்வினை காட்டுப் பறவைகளினதைவிடத் தாழ்ந்திருந்தது. இது மரபுவழி வந்ததாக இருக்கலாம் என்று கருதிய ஆய்வாளர்கள், கூட்டில் கழிந்த முதல் நாட்களின் தாக்கத்தையும் ஒதுக்கிவிடவில்லை. அதற்கு அடுத்த ஆண்டில் வெளியான, வட அமெரிக்காவின் வெண்முடிக் குருவிகளைப் பற்றிய ஆய்விலோ நகரத்து ஆண்களிடம் அடிப்படை அளவு, அதாவது அச்சமூட்டப்படாத வேளையில் உள்ள அளவு, உயர்ந்திருந்தது. பெண்களிடம் அவ்வேறுபாடு காணப்படவில்லை. இனம், பால், வயது ஆகியவற்றைக் கலந்துவிட்டுச் சராசரி எடுப்பதும், நகரத்துக் காகத்தை ஊரிலுள்ள அண்டங்காக்கையுடன் ஒப்பிடுவதும் எதையும் விளக்கா. மியூனிக்கின் முடிவை வவுனியாவின் புலுனிக்கு அப்படியே பொருத்துவதும் அவ்வாறே.

அளக்கும் முறையில் நேரும் பிழைகளுள் பெரியது நேரம் பற்றியது. வலையில் சிக்கிய கணத்திலிருந்தே பறவை அஞ்சத் தொடங்குகிறது. ஏறத்தாழ 3 நிமிடங்களுக்குள் எடுத்த குருதியே அதன் அடிப்படை அளவைக் காட்டும். அதன்பின் எடுப்பது பெரும்பாலும் நமது கை உண்டாக்கிய நெருக்கீட்டையே காட்டும் என்பதால், வலையை விட்டு அகன்று நின்று தேநீர் குடிப்பவர்களின் தரவை நான் நம்பமாட்டேன். (வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியின்றிக் காட்டுப் பறவைகளுள் பெரும்பாலானவற்றைப் பிடிப்பதே குற்றம் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.)

இதைவிட நுட்பமான தவறு, ஊரை அமைதியின் இருப்பிடமாகக் கொள்வது. காலபோக நெல் முற்றும் நாட்களில் இரணைமடுவின் கீழுள்ள வயல்களிலும் முல்லைத்தீவின் காட்டோரக் கிராமங்களிலும் இரவு எவ்வாறு கழிகிறது என்பதை நாம் அறிவோம்: யானைவெடி, தகரம் தட்டும் ஓசை, காவலிருப்போரின் கூக்குரல், விடிந்தபின் பூச்சிகொல்லி விசிறல். நகரத்திலோ வீதி விளக்கும் ஏ9 வாகன இரைச்சலும் இருந்தாலும், சாப்பாட்டுக் கடைகளின் பின்புறத்தில் காகத்துக்கு ஆண்டு முழுவதும் இரை கிடைக்கிறது. இரைப் பஞ்சமே பறவைகளில் இந்த ஓமோனை உயர்த்தும் வலிய காரணங்களுள் ஒன்று என்பதால், கடும் கோடையில் குளம் வற்றிய ஊர்ப் பறவையின் அளவு நகரத்துப் பறவையினதை விஞ்சினால் நான் வியக்கமாட்டேன். ஆகவே நகரம், ஊர் என்ற இரு பெயர்களை மட்டும் எழுதாமல் ஒலி, ஒளி, இரை, நஞ்சு ஆகியவற்றை இடந்தோறும் தனித்தனியே பதிய வேண்டும்.

பருவமும் அவ்வாறே. பொதுவாக இனப்பெருக்க காலத்தில் கோர்ட்டிகோஸ்டெரோன் கூடுதலாகவும் இறகுதிரும் காலத்தில் குறைவாகவும் இருக்கும். புரதத்தைச் சிதைக்கும் அந்த ஓமோன் மிகுந்தால், புரதத்தால் ஆன இறகு செவ்வையாக வளராது. நகரத்து மாதிரியை மாரியிலும் ஊர் மாதிரியைக் கோடையிலும் எடுத்தவர் அளப்பது இடத்தை அன்று, காலத்தை.

குருதி எடுக்க வசதியில்லாதவர்கள் உதிர்ந்த இறகைப் பொறுக்கி அளக்கலாம் என்பார்கள். அம்முறை உண்மையிலேயே உண்டு. ஆனால் இறகு தான் வளர்ந்த நாட்களின் ஓமோனையே தன்னுள் பதித்து வைத்திருக்கும். மாரியில் மன்னாரின் வங்காலைக்கு வரும் ஊசிவால் வாத்தின் சிறகிறகு, புறப்படுவதற்கு முன் வடக்கே ஏதோ ஒரு சதுப்பு நிலத்தில் முளைத்தது. அதைக் கரையிலிருந்து எடுத்து ஆராய்ந்தால், மன்னாரைப் பற்றி அது எதுவும் சொல்லாது.