புல்தரைக்குப் பதில் பொடுதலை: நடவு முதல் பராமரிப்பு வரை

வீட்டு முன்வெளி பச்சையாக இருக்க வேண்டும், ஆனால் அடிக்கடி புல் வெட்டவும் தினம் தண்ணீர் விடவும் நேரமில்லை என்றால் பொடுதலையைப் படரவிடுங்கள். பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுவார்களே, அதே செடிதான். வரப்பிலும் கண்மாய்க் கரையிலும் தானாகவே கிடக்கும். இலை விளிம்பில் நுனிப் பக்கம் மட்டும் பல் இருக்கும். பூங்கொத்து குட்டித் திப்பிலி போல நிமிர்ந்து நிற்கும்.

1. இடம்: ஐந்தாறு மணி நேரமாவது நேர் வெயில் விழ வேண்டும். மர நிழலில் தண்டுதான் நீளும், தரை மூடாது.

2. கோரையை ஒழித்தல்: பலர் அவசரப்பட்டுக் கோட்டை விடுவது இங்கேதான். மேலாகப் பிடுங்கினால் கிழங்கு மண்ணுக்குள் தங்கி மறுபடி முளைக்கும். பொடுதலை பின்னிக்கொண்ட பிறகு அதன் நடுவே கோரையைத் தோண்டுவது பெரும்பாடு. அரை அடி ஆழம் கொத்திக் கிழங்கைப் பொறுக்குங்கள். தண்ணீர் தெளித்து இரண்டு வாரம் விட்டு, புதிதாக முளைத்ததையும் கிழங்கோடு எடுங்கள். பிறகு 100 சதுர அடிக்கு 15 முதல் 20 கிலோ மக்கிய தொழுவுரம் கலந்து மண்ணைச் சமப்படுத்துங்கள். பச்சைச் சாணம் வேண்டாம், இளவேர் கருகிவிடும்.

3. நடவு: நான்கு கணுக்கள் உள்ள தண்டாக நறுக்கி, இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் போகும்படி படுக்கவைத்து அழுத்துங்கள். வேர் கணுவிலிருந்துதான் வரும். முக்கால் அடிக்கு ஒன்று என்றால் 100 சதுர அடிக்கு 180 துண்டுகள் வரை ஆகும். வெட்டிய அன்றே மாலையில் நடுவது நல்லது. ஆடி, ஆவணி தோதான பருவம்.

4. தண்ணீர்: முதல் மூன்று வாரம் மண் ஈரமாக இருக்கட்டும், ஆனால் தேங்கக் கூடாது. வளர்ந்த பொடுதலை வெள்ளத்தையும் தாங்கும்; வேர் பிடிக்காத துண்டு அழுகிப்போகும். பிறகு வாரம் ஒருமுறை போதும், மழைக்காலத்தில் அதுவும் தேவையில்லை.

5. கத்தரிப்பு: இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு அங்குல உயரத்துக்கு வெட்டுங்கள். பூத்தால் தேனீ மொய்க்கும். வெறுங்காலோடு குழந்தைகள் ஓடும் இடமானால் பூ வரும்போதே வெட்டிவிடுங்கள். நடுவில் தண்டு முற்றிச் சொட்டையானால் அங்கே ஒட்ட வெட்டி, அரை அங்குலத்துக்கு மக்கிய உரம் தூவினால் சுற்றியுள்ள கொடி வந்து மூடும்.

ஓரத்தில் செங்கல் பதித்தாலும் கொடி தாண்டும், மாதம் ஒருமுறை நறுக்கிவிட வேண்டும். நறுக்கியதைக் காய்கறிப் பாத்தி அருகே மட்டும் போடாதீர்கள். ஈரம் பட்ட கணு ஒன்று போதும், அங்கேயும் படர ஆரம்பித்துவிடும்.