போர் நடந்த மண்ணில் பேரிடர் நிவாரணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இலங்கையின் வடக்கு, கிழக்குக் கரைகளை அடித்துச் சென்றபோது அங்கே அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான போர் முடிந்திருக்கவில்லை. 2002 பெப்ரவரி போர்நிறுத்த உடன்படிக்கையால் ஓய்ந்திருந்தது, அவ்வளவுதான். கடல் கொண்டுபோனவற்றில் போரில் ஏற்கெனவே இடிந்து திரும்பக் கட்டப்பட்ட வீடுகளும் இருந்தன. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உதவிக்குக் குறைவில்லை. அலை தாக்கிய எல்லா நாடுகளையும் சேர்த்துப் பின்னர் மதிப்பிட்டவர்களின் கணக்கில், பாதிக்கப்பட்ட ஒருவருக்கு 7,100 டாலர் வீதம் பணம் சேர்ந்தது. அதே ஆண்டில் வங்கதேச வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவருக்குக் கிடைத்தது 3 டாலர்.

இவ்வளவு பணம் வந்தும் ஊருக்கு ஊர் கசப்பு மிஞ்சியது. அலையைப் பார்த்தவர்கள் அதற்கு அடியில் கிடந்த போரைப் பார்க்கத் தவறினார்கள் என்பதே நான் காணும் முதன்மைக் காரணம். இனியும் வடகிழக்கில் வெள்ளமோ புயலோ வரும்போது ஊர்ச் சங்கமாகவோ வெளிநாட்டில் பணம் திரட்டும் பழைய மாணவர் சங்கமாகவோ உதவப் போகிறவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

தவறு பெரும்பாலும் பயனாளிகள் பட்டியலில்தான் தொடங்குகிறது. யாழ்ப்பாணத்தில் 1990களிலிருந்தே நலன்புரி நிலையங்கள் எனப்படும் அகதி முகாம்களில் இருந்த குடும்பங்கள் உண்டு. தங்கள் காணி, படையினர் வசமிருந்த உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டதால் திரும்ப வழியில்லாதவர்கள். அவர்கள் கிடுகுக் கொட்டிலில் இருக்க, அண்மையில் வீடிழந்தவர்களுக்குக் கல்வீடு எழும்பியது. வீடு கிடைத்தவர்கள் மீது எந்தப் பிழையும் இல்லை. அவர்களும் பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்தவர்கள். ஆனால் ‘சுனாமி அகதி’, ‘போர் அகதி’ என்று இரண்டு வரிசைகளை உதவியே உருவாக்கியது. பட்டியல் போடும் முன், இந்த ஊரில் இதற்கு முன்பே வீடிழந்து இருப்பவர்கள் யார் என்று கேட்க வேண்டும். முகாமுக்கு வராமல் உறவினர் வீட்டில் தங்கியவர்களையும், அவர்களுக்கு இடம் கொடுத்த வீட்டாரையும் சேர்க்க வேண்டும். ஒருவர் தரும் பட்டியலை, அவர் கிராம அலுவலராகவே இருந்தாலும், அப்படியே வாங்கக் கூடாது. மாதர் சங்கத்திடமும் கோயில், பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் ஒப்பிட்டுப் பார்த்தால் விடுபட்ட பெயர்கள் தாமாக வெளிவரும்.

அடுத்தது காணியும் வீடும். இதில் நடந்த தவறு எனக்கு மிகவும் வலிக்கிறது, ஏனென்றால் ஒரு படிவத்தில் ஒரு வரியைக் கூட்டியிருந்தால் அதைத் தடுத்திருக்கலாம். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் தமிழ்க் குடும்பங்களிலும் முஸ்லிம் குடும்பங்களிலும் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். மணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டுக்கு வருவான். தாய் இருந்த வளவில் மகளுக்கு வீடு, பக்கத்தில் அடுத்தவளுக்கு வீடு என்று அக்கா தங்கைகள் ஒரே வளவில் வாழ்வார்கள். கணவன் கைவிட்டாலும் போரில் இறந்தாலும் அந்தப் பெண்ணுக்குக் கூரை இருந்தது. நிவாரணப் படிவமோ ‘குடும்பத் தலைவர் பெயர்’ என்று கேட்டது. அந்த இடத்தில் கணவனின் பெயர் எழுதப்பட்டது. புது வீட்டின் உரிமையும் பல இடங்களில் அவன் பெயருக்கே போனது. தலைமுறை தலைமுறையாகப் பெண்களிடம் இருந்த சொத்து, உதவி என்ற பெயரில் கைமாறியது. ‘இடருக்கு முன் இந்த வீடு யாருடையது?’ என்ற கேள்வி படிவத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். காணி உறுதிப் பத்திரம் தொலைந்திருந்தால் அயலவர் சாட்சியை எழுதி வாங்குங்கள். மீளக் கட்டும் வீட்டை அவள் பெயரிலோ, குறைந்தது இருவர் பெயரிலுமோ பதியுங்கள்.

எந்த இடத்தில் கட்டுவது என்பதைப் பொறியியலாளர் மட்டும் தீர்மானிக்கும் விடயமாக எடுத்துக்கொள்வதும் ஆபத்தானது. அலைக்குப் பின் கரையோரத்தில் வீடு கட்டத் தடை வந்தது: தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். சுற்றுலா விடுதிகளுக்கு விலக்கு இருந்தது. வள்ளத்தையும் வலையையும் கண்பார்வையில் வைத்திருக்க வேண்டிய மீனவருக்கு இல்லை. ஏற்கெனவே நிலம் பறிபோன அனுபவம் உள்ள மக்கள், இதையும் நிலப்பறிப்பாகவே பார்த்தார்கள். 2005 இறுதியில் தடை தளர்த்தப்பட்டபோது பல குடும்பங்களின் ஓராண்டு இடைத்தங்கல் முகாமில் கழிந்திருந்தது. அக்கரைப்பற்றை அடுத்த நுரைச்சோலையில் சவூதி அரேபிய உதவியுடன் 500 வீடுகள் கட்டப்பட்டன. எந்த இனத்தவருக்கு எத்தனை என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், அவை ஆண்டுக்கணக்கில் ஆளில்லாமல் கிடந்தன. அத்திவாரம் வெட்டும் முன், அந்தக் காணியை யார் எல்லாம் தமது என்று நினைக்கிறார்கள் என்பதைத் தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்ற மூன்று சமூகங்களிடமும் கேட்டறிய வேண்டும். அதற்கு ஒரு மாதம் போனால் போகட்டும்.

கிணறுகளின் கதை நல்லெண்ணம் கெடுதல் செய்த கதை. கிழக்குக் கரையின் மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் மெல்லிய படலமாகவே உப்பு நீரின் மேல் மிதக்கிறது. கடல்நீர் புகுந்த கிணற்றைக் கண்ட நிறுவனங்கள் இயந்திரம் வைத்து இறைத்தன; ஒன்று இறைத்துப் போனபின் அடுத்தது வந்து இறைத்தது. மேலே இருந்த நல்ல நீர் வெளியேற, அடியிலிருந்த உப்பு நீர் மேலெழுந்தது. சில கிணறுகள் பக்கம் சரிந்து விழுந்தன. சேற்றையும் குப்பையையும் அள்ளிவிட்டு, அளவோடு ஒருமுறை இறைத்து, மீதியை மழைக்கு விட்டிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் களத்தில் அளந்து பார்த்தபின் தெளிவானது. அதுவரை பவுசரில் (தண்ணீர் வண்டியில்) தண்ணீர் கொடுக்கலாம். ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லீற்றர் என்பது நிவாரணப் பணியில் ஏற்கப்பட்ட குறைந்தபட்ச அளவு. கிணற்றின் போக்கு அந்த வளவுப் பெண்களுக்குத் தெரியும். எந்த மாதம் உவர்க்கும், எப்போது தெளியும் என்று அவர்களிடம் கேட்ட பிறகு இயந்திரத்தை இறக்குங்கள்.

பொருள்கள் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கரையில் நின்று வலை இழுக்கும் கரைவலைக்காரருக்குக் கரைவலை வேண்டும். எல்லோருக்கும் ஒரே மாதிரி கண்ணாடியிழை வள்ளம் கொடுத்துப் பயனில்லை. மருந்தைக் கேட்காமல் அனுப்பாதீர்கள். அதே அலை தாக்கிய இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தில் ஏறத்தாழ 4,000 தொன் மருந்து குவிந்து, பெரும்பகுதி அந்நாட்டுத் தேவைப் பட்டியலில் இல்லாததால் அதை அழிப்பதே தனிச் சுமையானது.

பேரிடர் தானாகச் சமாதானம் கொண்டுவரும் என்ற நம்பிக்கையும் ஒரு தவறே. ஆச்சேயில் போரிட்டுவந்த கிளர்ச்சியாளருக்கும் இந்தோனேசிய அரசுக்கும் இடையே 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹெல்சிங்கியில் உடன்பாடு எட்டப்பட்டது உண்மை. இலங்கையில் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே 2005 ஜூன் 24 அன்று கையெழுத்தான, நிவாரணத்தைச் சேர்ந்து நிர்வகிப்பதற்கான சுனாமிப் பொதுக்கட்டமைப்பு, மூன்று வாரங்களில் உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையால் முடங்கியது. பெரும் இழப்பைச் சந்தித்த முஸ்லிம்கள் அதில் கையொப்பமிடும் தரப்பாகவே சேர்க்கப்படவில்லை. மேலே உடன்பாடு வரும்வரை காத்திருக்காமல், பிரதேச மட்டத்தில் தமிழர், முஸ்லிம், சிங்களவர் சேர்ந்த குழுக்களை முதல் வாரத்திலேயே அமைப்பது நம்மால் முடிந்த வேலை.

2006இல் போர் திரும்பியது. அந்த ஆகஸ்டில் மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் ஒன்றின் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2008 செப்டெம்பரில் ஐ.நா. அமைப்புகளும் வெளிநாட்டு நிறுவனங்களும் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியை விட்டு வெளியேற்றப்பட்டன. வெளியிலிருந்து வந்தவர் போய்விடலாம். உள்ளூர்ப் பணியாளர் அங்கேயே இருக்க வேண்டியவர். அவருக்குக் காப்புறுதியும், ‘போக மாட்டேன்’ என்று சொல்லும் உரிமையும் கொடுக்காமல் வேலைக்கு அனுப்புவது கொடுமை. உதவி பெறுபவரின் பெயர், முகவரி, கணவர் எப்படி இறந்தார் என்ற விவரம் எல்லாவற்றையும் படத்துடன் முகநூலில் போடும் வழக்கத்தையும் இன்றே நிறுத்த வேண்டும். நிலைமை மாறினால் அந்தப் பட்டியலை யார் கையில் எடுப்பார் என்று யாருக்கும் தெரியாது.

கடைசியாக, பணத்தை முதல் மூன்று மாதத்தில் தீர்த்துவிடும் அவசரம். 2009 மே மாதத்தில் போர் முடிந்தபின் லட்சக்கணக்கானோர் அடைக்கப்பட்ட வவுனியாவின் மெனிக் பாம் முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில்தான். திரும்பிய காணிகளில் கண்ணிவெடி இருந்தது, வரம்பு அழிந்திருந்தது, கிணறு தூர்ந்திருந்தது. செய்தியாளர்கள் போன பிறகுதான் விதைநெல்லுக்கும் வலைக்கும் காணி வழக்குக்கும் பணம் தேவைப்படுகிறது. திரட்டியதில் பாதியையாவது இரண்டாம், மூன்றாம் ஆண்டுக்கென்று தனிக் கணக்கில் வைத்து, அதைப் பணம் தந்தவர்களுக்குத் தொடக்கத்திலேயே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.