புதுக் கணினியில் இயங்குதளம் பூட் ஆகவில்லையா? பலரும் செய்யும் தவறுகள்

என் அக்கா மகன் சேமித்து வைத்த காசில் ஒரு கணினி பொருத்தினான். விண்டோஸ் 11 நல்லபடியாக ஏறி ஒரு மாதம் ஓடியது. அப்புறம் உள்ளே மாட்டியிருந்த பழைய ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி, வீட்டில் இருந்த இன்னொரு கணினிக்குக் கொடுத்தான். அன்றிலிருந்து புதுக் கணினி பூட் ஆகவில்லை, அதாவது விண்டோஸ் தொடங்கவே இல்லை. ரேமை இடம் மாற்றிச் செருகினான், பயாஸை (கணினி ஆன் ஆனதும் முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) மூன்று முறை ரீசெட் செய்தான். கடைசியில் "போர்டு போயிடுச்சு மாமா" என்று போன் செய்தான். மதர்போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. என்ன நடந்தது என்று பின்னால் சொல்கிறேன். இப்படி நல்ல பாகத்தைக் கழற்றிக்கொண்டு கடைக்கு அலைகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். அந்த அலைச்சலைத் தவிர்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்காமலே கை வைப்பது. திரையில் ஒன்றுமே வராதது ஒரு பிரச்சினை. லோகோ வந்தும், இயங்குதளம் நிறுவ வைத்த பென்டிரைவைக் கண்டுகொள்ளாதது வேறு. இன்ஸ்டாலர் திறந்தும் டிஸ்க்கைக் காட்டாதது வேறு. எல்லாம் முடிந்து ரீஸ்டார்ட் ஆகும்போது நிற்பது முற்றிலும் வேறு. நான்கையும் "பூட் ஆகலை" என்றுதான் சொல்கிறோம், ஆனால் காரணங்கள் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாதவை. நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பயாஸில் எதை மாற்றுவதாக இருந்தாலும் அந்தத் திரையைப் போனில் படம் எடுத்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

லோகோவே வரவில்லை என்றால்

இந்த நிலையில் விண்டோஸையோ பென்டிரைவையோ குறை சொல்வதில் அர்த்தமில்லை. கணினி இன்னும் அவ்வளவு தூரம் வரவே இல்லை. ஏஎம்டியின் ஏஎம்5 போர்டும் டிடிஆர்5 ரேமும் போட்டவர்கள் முதல் முறை ஆன் செய்ததும் கறுப்புத் திரையைப் பார்த்துப் பயந்து பவர் பட்டனை அழுத்திவிடுகிறார்கள். உள்ளே ரேமைப் பழக்கும் வேலை நடந்துகொண்டிருக்கும். அதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். ரேம் அதிகமாக இருந்தால் இன்னும் நேரமாகும். பத்துப் பதினைந்து நிமிடமாவது தொடாமல் விடுங்கள்.

அடுத்தது கேபிள். ஐ5-12400எஃப் போல எஃப் என்று முடியும் இன்டெல் பிராசஸர்களிலும், ரைசன் 5 5600 போன்றவற்றிலும் உள்ளேயே கிராபிக்ஸ் கிடையாது. மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகினால் படம் வராது, கிராபிக்ஸ் கார்டில்தான் செருக வேண்டும். பிராசஸருக்கு அருகே உள்ள 8 பின் பவர் கேபிளை மாட்டாமல் விடுவதும் அடிக்கடி நடக்கிறது. பல போர்டுகளில் சிபியு (பிராசஸர்), டிராம் (ரேம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (டிஸ்க்) என்று நான்கு சின்ன விளக்குகள் இருக்கும். எது அணையாமல் எரிகிறதோ அங்கே தேடுங்கள். கொஞ்சம் பழைய மாடல் போர்டில் புதுத் தலைமுறை பிராசஸர் போட்டிருந்தால் முதலில் பயாஸை அப்டேட் செய்ய வேண்டியிருக்கும்.

பென்டிரைவ் தயாரிப்பதில் நடப்பவை

ஐஎஸ்ஓ கோப்பை (இயங்குதளத்தின் நிறுவல் கோப்பு) அப்படியே பென்டிரைவுக்குள் காப்பி செய்தால் பூட் ஆகாது. இது பெரும்பாலானவர்களுக்குத் தெரியும். தெரியாமல் போவது, எப்படி எழுதினோம் என்பதில் உள்ள வித்தியாசம்.

பழைய பயாஸ், டிஸ்க்கின் தொடக்கத்தில் இருக்கும் எம்பிஆர் என்ற சின்னப் பகுதியைப் படித்துப் பூட் செய்யும். இந்த எம்பிஆர் 1983-இல் வந்த முறை. வழக்கமான 512 பைட் செக்டர் டிஸ்க்குகளில் 2 டிபிக்கு மேல் அதனால் கணக்கு வைக்க முடியாது. இன்றைய கணினிகளில் பயாஸின் இடத்தில் இருக்கும் யூஇஎஃப்ஐ (பேச்சில் இதையும் பயாஸ் என்றே சொல்கிறோம்) அப்படிச் செய்வதில்லை. ஃபேட்32-இல் உள்ள ஒரு சின்னப் பார்ட்டிஷனில் குறிப்பிட்ட ஃபோல்டருக்குள் பூட் கோப்பைத் தேடி ஓட்டுகிறது. அதனோடு சேர்ந்து வருவதுதான் ஜிபிடி, டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் புது முறை. போர்டு, பென்டிரைவ், டிஸ்க் ஆகிய மூன்றும் ஒரே முறையில் இருக்க வேண்டும். நான் பார்த்த பிரச்சினைகளில் பெரும்பகுதி இந்த மூன்றில் ஒன்று மட்டும் மாறி நின்றதால் வந்தவை.

பென்டிரைவ் எழுத ரூஃபஸ் என்ற கருவியைப் பயன்படுத்துகிறவர்கள் பார்ட்டிஷன் ஸ்கீம் என்ற இடத்தில் எம்பிஆர் என்று இருப்பதைக் கவனிக்காமல் ஸ்டார்ட் கொடுத்துவிடுகிறார்கள். விண்டோஸ் ஐஎஸ்ஓவை அப்படி எழுதினால் அது பழைய பயாஸுக்கான பென்டிரைவ். யூஇஎஃப்ஐ மட்டுமே உள்ள புது லேப்டாப் அதைப் பூட் செய்யாது. ஜிபிடி என்றும், டார்கெட் யூஇஎஃப்ஐ என்றும் வையுங்கள். லினக்ஸுக்கு எச்சர் என்ற இன்னொரு கருவியைப் பயன்படுத்திப் பழகியவர்கள் அதே கையோடு விண்டோஸையும் எழுதுவார்கள். உபுண்டு ஐஎஸ்ஓ அதற்கு ஒத்துவரும், விண்டோஸ் ஐஎஸ்ஓ ஒத்துவராது. எதுவும் குழப்பமாக இருந்தால் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலே போதும். யாரோ மாற்றித் தந்த ஐஎஸ்ஓவை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள், அதற்குள் என்ன இருக்கிறது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

பென்டிரைவைத் தேர்ந்தெடுக்கும் விசையும் எல்லாக் கணினியிலும் ஒன்றல்ல. டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, எம்எஸ்ஐயில் எஃப்11. அந்தப் பட்டியலில் ஒரே பென்டிரைவ் இரண்டு தடவை தெரிந்தால் முன்னால் யூஇஎஃப்ஐ என்று போட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

டிஸ்க் காட்டவில்லை, அல்லது காட்டியும் ஏற்கவில்லை

11-ஆம் தலைமுறையிலிருந்து வந்த பல இன்டெல் லேப்டாப்களில் இன்ஸ்டாலர் திறக்கும், ஆனால் டிஸ்க் பட்டியல் காலியாக இருக்கும். எஸ்எஸ்டி கெட்டுவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். விஎம்டி என்ற அமைப்பு எஸ்எஸ்டியை மறைத்து வைத்திருக்கும். அதற்கான டிரைவர் இன்ஸ்டாலரில் இருக்காது. லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை இறக்கி, அதைப் பிரித்து பென்டிரைவில் வைத்து, லோட் டிரைவர் கொடுத்தால் டிஸ்க் வந்துவிடும். பிரிக்காத இஎக்ஸ்இ கோப்பு அங்கே உதவாது. பயாஸில் விஎம்டியை அணைத்தாலும் டிஸ்க் தெரியும். ஆனால் ஏற்கெனவே விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் திடீரென்று அதை அணைத்தால் அந்த விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடும்.

டிஸ்க் தெரிந்தும் "எம்பிஆர் பார்ட்டிஷன் டேபிள் இருக்கிறது, இங்கே நிறுவ முடியாது" என்று வந்தால், பென்டிரைவ் யூஇஎஃப்ஐ முறையில் சரியாகப் பூட் ஆகியிருக்கிறது, டிஸ்க்தான் பழைய முறையில் இருக்கிறது. பலர் பயாஸில் லெகசி அல்லது சிஎஸ்எம்மை (பழைய பயாஸ் போல நடக்க வைக்கும் அமைப்பு) ஆன் செய்து தப்பிக்கப் பார்க்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பு) அதோடு வேலை செய்யாது, விண்டோஸ் 11-க்கு யூஇஎஃப்ஐயே வேண்டும். வெற்று டிஸ்க் என்றால் ஷிஃப்ட் எஃப்10 அழுத்தி, டிஸ்க்பார்ட் என்ற கருவியைத் திறந்து, கிளீன் கட்டளையால் டிஸ்க்கைத் துடைத்து, ஜிபிடியாக மாற்றினால் போதும். கிளீன் கட்டளை ஒரு கேள்வியும் கேட்காது. டிஸ்க் எண்ணை மாற்றிக் கொடுத்து, வீட்டுக் கல்யாணப் படங்கள் இருந்த டிஸ்க்கைத் துடைத்தவரை எனக்குத் தெரியும். அளவை இரண்டு முறை பார்த்துவிட்டு எண்ணைக் கொடுங்கள்.

அக்கா மகன் கணினியில் நடந்தது

விண்டோஸ் நிறுவும்போது இரண்டு டிஸ்க் மாட்டியிருந்தால், பூட் கோப்புகள் நாம் தேர்ந்தெடுத்த டிஸ்க்கிலேயே போய் உட்காரும் என்று நம்ப முடியாது. இன்னொரு டிஸ்க்கில் ஏற்கெனவே ஓர் இஎஃப்ஐ பார்ட்டிஷன் (பூட் கோப்புகளுக்கான சின்னப் பகுதி) இருந்தால் இன்ஸ்டாலர் அதையே எடுத்துக்கொள்ளக்கூடும். விண்டோஸ் புது எஸ்எஸ்டியில் இருக்கும். அதைத் தொடங்கி வைக்கும் கோப்பு பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும். இரண்டும் உள்ளே இருக்கும்வரை யாருக்கும் தெரியாது. அவன் பழையதைக் கழற்றியதும் எஸ்எஸ்டி தனியாக நின்றது. பென்டிரைவிலிருந்து பூட் செய்து, எஸ்எஸ்டியில் 300 எம்பி இடம் ஒதுக்கி, அதில் இஎஃப்ஐ பார்ட்டிஷன் போட்டு, பிசிடிபூட் கட்டளையால் பூட் கோப்புகளை எழுதினேன். பத்து நிமிட வேலைதான், கோப்பு எதுவும் போகவில்லை. இணையத்தில் பலர் சொல்லும் பூட்ரெக் என்ற விண்டோஸ் கருவியின் ஃபிக்ஸ்எம்பிஆர் கட்டளை யூஇஎஃப்ஐ கணினிக்கு உதவாது. கணினியைத் தொடங்குவதில் எம்பிஆரே அங்கே பங்கெடுப்பதில்லை.

நிறுவும் நேரத்தில் மற்ற டிஸ்க்குகளைக் கழற்றி வைத்துவிடுங்கள். இதற்கு ஐந்து நிமிடம்தான் ஆகும். இதைவிட நல்ல பழக்கம் இந்த வேலையில் எனக்குத் தெரியவில்லை.

நிறுவல் மறுபடி மறுபடி முதலிலிருந்தே தொடங்கினால் பென்டிரைவ் இன்னும் பூட் வரிசையில் முதலில் இருக்கிறது. முதல் ரீஸ்டார்ட்டின்போது அதை உருவிவிடுங்கள்.

உபுண்டு போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். என்விடியா டிரைவரோடு நிறுவினால், முதல் ரீஸ்டார்ட்டில் எம்ஓகே (அந்த டிரைவரை நம்பச் சொல்லும் சாவி) என்று ஒரு நீலத் திரை வரலாம். அது பிழை அல்ல. அவசரத்தில் கன்டினியூ பூட் கொடுக்காமல், என்ரோல் எம்ஓகேயைத் தேர்ந்தெடுத்து, நிறுவும்போது வைத்த கடவுச்சொல்லைக் கொடுங்கள். இல்லாவிட்டால் செக்யூர் பூட் அந்த டிரைவரை ஏற்காது.

விண்டோஸோடு சேர்த்து லினக்ஸ் போடுவதற்காகச் செக்யூர் பூட்டையோ டிபிஎம்மையோ (சாவிகளைக் காக்கும் சிப்) தொடும் முன் பிட்லாக்கரை (டிஸ்க்கைக் குறியாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதி) பாருங்கள். விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தாலே பல கணினிகளில் டிஸ்க் தானாகப் பூட்டப்படுகிறது, உரிமையாளருக்கே அது தெரியாது. பயாஸில் ஒரு மாற்றம் செய்ததும் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். கணக்கில் நுழைந்து அந்தச் சாவியை முன்பே ஒரு காகிதத்தில் எழுதி, கணினிக்கு வெளியே வைத்துவிடுங்கள்.