மாஸி 35-ஆ, டெக்ஸ்டாவா? பழைய டிராக்டர் ரெண்டையும் எப்படி ஒப்பிட்டுப் பாக்குறது

ரெண்டுமே இங்கிலாந்து வண்டி, மாஸி ஃபெர்குசன் 35 கவன்ட்ரில செஞ்சது, ஃபோர்ட்சன் டெக்ஸ்டா டாகன்ஹாம்ல 1957-ல ஆரம்பிச்சு 1964 வரைக்கும் வந்தது. பேப்பர்ல பாத்தா ரெண்டுக்கும் முன்னாடி போக 6 கியர், பின்னாடி போக 2, அதனால பேப்பர ஓரமா வச்சிடுங்க.

முதல்ல மாஸி பானட்ட தூக்கி இன்ஜெக்டர (டீசல இன்ஜினுக்குள்ள பீச்சுறது, சிலிண்டருக்கு ஒண்ணு) எண்ணுங்க. 4 இருந்தா பழைய ஸ்டாண்டர்ட் இன்ஜின், குளிர்ல ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும்னு பேர் வாங்குனது, 3 இருந்தா பெர்கின்ஸ் கம்பெனி இன்ஜின், அதத்தான் தேடிப் போகணும். இதுல ஒரு வேடிக்கை, போட்டிக்கு வந்த டெக்ஸ்டா இன்ஜினும் பெர்கின்ஸ் வழி வந்ததுதான்!

ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி இன்ஜின் பிளாக்க தொட்டுப் பாருங்க, சூடா இருந்தா விக்கிறவர் உங்களுக்கு முன்னாடியே ஓட்டி வச்சிருக்கார்னு அர்த்தம், ஆறுனப்புறம் வரேன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிடுங்க. டெக்ஸ்டா சும்மா நின்னு ஓடும்போது (ஐடிலிங்) இன்ஜின் வேகம் ஏறி ஏறி இறங்குச்சுன்னா, டீசல் பம்ப்ல வேகத்த கட்டுப்படுத்துற கவர்னரோட டயாஃப்ரம் (மெல்லிய சவ்வு) கிழிஞ்சிருக்கலாம், அதுக்குப் போற வேக்வம் பைப்பையும் பாத்துக்கோங்க, சின்ன வேலைதான், ஆனா விலைய குறைக்க நல்ல சாக்கு.

அப்புறம் ரெண்டுலயும் கலப்பைய தூக்கிட்டு இன்ஜின ஆஃப் பண்ணுங்க. கலப்பை மளமளன்னு இறங்குனா ஹைட்ராலிக் லீக். வயல் வேலைக்குன்னா நான் 3 சிலிண்டர் மாஸிதான் எடுப்பேன், அழகுக்குன்னா நீல டெக்ஸ்டா.